தாவர இறைச்சி: அட்டைப்படத்தை விட்டு அளவைப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவர இறைச்சி பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் உணவுப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. சென்னை, கோவை போன்ற ஊர்களின் பெரிய கடைகளில் உறைபெட்டியில் அதற்கென்று தனி அடுக்கே வந்துவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இந்தச் செய்திகளில் ஒரு குறை விடாமல் தொடர்கிறது. சோயாவில் செய்தது, கோதுமைப் புரதத்தில் செய்தது, பலாக்காய், காளான் எல்லாமே 'இறைச்சிக்கு மாற்று' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. சுவையில் இந்த நான்குமே கறியின் இடத்துக்கு வரலாம். சத்தில் அப்படி இல்லை. வாரத்தில் நான்கு நாள் கறியோ மீனோ சமைத்த வீட்டில் அதை நிறுத்திவிட்டுப் பலாக்காயும் காளானும் வைத்தால், வளரும் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் புரதம் குறைந்துபோகும். இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் அளவுகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். எலும்பில்லாத, சமைக்காத கோழிக்கறி 100 கிராமில் 20 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டையின் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 52 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது உலர்ந்த உருண்டைக்கான கணக்கு. 100 கிராம் உருண்டை, வெந்நீரில் ஊறினால் 300 கிராமைத் தாண்டும். அழுத்திப் பிழிந்தால் 250 கிராம் அளவில் நிற்கும். ஆகவே தட்டில் விழும் 100 கிராமில் இருப்பது 20 கிராம் புரதம்தான். கோழிக்கு நிகர், அவ்வளவே. இரண்டரை மடங்கு அல்ல. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவில் அதன் கெட்டித்தன்மையைப் பொறுத்து 8 முதல் 15 கிராம் வரை. சிப்பிக் காளானில் சுமார் 3 கிராம். இளம் பலாக்காயில் 2 முதல் 3 கிராம். இந்தக் கடைசி இரண்டும் அருமையான காய்கறிகள். அவற்றைக் காய்கறிகளாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

புரதத்தின் தரத்திலும் வேறுபாடு உண்டு. உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாம் போதிய அளவில் இருக்கும் வெகுசில தாவரப் புரதங்களில் சோயா ஒன்று. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் மிகக் குறைவு. அதைச் சாப்பிடும் நாளில் பருப்போ பயறோ சுண்டலோ உடன் இருந்தால் அந்தக் குறை நிரம்பிவிடும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதும் விலை குறைந்ததும் மீல் மேக்கர்தான். அதைப் பிடிக்கவில்லை என்பவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: வாடை அடிக்கிறது, மசாலா உள்ளே இறங்குவதில்லை, ரப்பர் போலவோ சக்கை போலவோ இருக்கிறது. மூன்றுமே சமைக்கும் முறையில் வரும் கோளாறுகள். அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இவற்றைச் சரிசெய்வது எளிது.

சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் பாதியளவு புரதம் இருக்கும். அதில் நீர் சேர்த்து, எக்ஸ்ட்ரூடர் என்னும் திருகு இயந்திரத்துக்குள் 140 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் தள்ளுகிறார்கள். முனைத் துளையில் வெளிவரும் நொடியில் அழுத்தம் சட்டென்று விழ, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மாவைப் பொங்க வைக்கிறது. அதனால்தான் உருண்டை முழுக்கப் பஞ்சுபோல் கண்ணறைகள். கொழுப்பு அரை சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். சோயாவின் எஞ்சிய கொழுப்பு காற்றுப்பட்டு மாறுவதால் உண்டாகும் ஹெக்சனால் போன்ற பொருள்கள்தான் அந்தப் பச்சை வாடைக்குக் காரணம். பொட்டலம் பழையதாக ஆக வாடையும் கூடும். சில்லறையில் மூட்டையிலிருந்து அளந்து வாங்குபவர்கள் முகர்ந்து பார்த்து வாங்குவது நல்லது. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

இனி சமையல். நான்கு பேருக்கு 100 கிராம் உருண்டை போதும். ஆளுக்கு 13 கிராம் புரதம் சேரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கல்லுப்புப் போட்டுத் தளதளவென்று கொதித்தபின் உருண்டைகளைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வைக்கவும். அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். சத்து போய்விடும் என்று அதையே குழம்பில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். வாடையையும் வயிற்று உப்புசத்தை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதியையும் சேர்த்தே ஊற்றுகிறார்கள். பிறகு குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, ஒவ்வொரு முறையும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒட்டப் பிழிய வேண்டும். பிழிவது பலரும் அரைகுறையாகச் செய்யும் வேலை. கண்ணறைகளில் வெறும் தண்ணீர் நிற்கும்வரை மசாலாவுக்கு உள்ளே இடமில்லை. குழம்பு எத்தனை நேரம் கொதித்தாலும் உருண்டையின் நடுப்பகுதி சப்பென்றே இருப்பது இதனால்தான். பிழிந்த உருண்டையை நீர்க்கக் கரைத்த மசாலாவில் புரட்டி அரை மணி நேரம் வைத்தால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். தயிரை நன்றாகக் கடைந்து சேர்க்க வேண்டும். கெட்டித் தயிர் வெளியே பூச்சாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. பால் பொருள் வேண்டாம் என்பவர்கள் இரண்டாம் தேங்காய்ப்பாலில் கரைக்கலாம்.

குக்கரில் விசில் விட வேண்டாம். நார் அவிழ்ந்து கூழாகிவிடும். இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊற வைப்பதும் வேண்டாம்; நம் வெயிலில் புளித்துப்போகும்.

அடுத்தது கொழுப்பு. ஆட்டுக்கறி வேகும்போது அதன் கொழுப்பு உருகி மசாலாவின் மணத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மீல் மேக்கரில் அது இல்லை. எண்ணெயைக் குறைத்துக்கொண்டு வறுவல் செய்தால் மசாலா கருகும், உருண்டை மரத்தூள் தின்ற மாதிரி தொண்டையில் நிற்கும். 100 கிராம் உருண்டைக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வேண்டும். முதலில் உருண்டைகளைத் தனியே ஐந்தாறு நிமிடம் சிவக்க வதக்கி எடுத்துவிட்டு, அதே சட்டியில் சோம்பு, பட்டை, கல்பாசி தாளித்துச் சின்ன வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, தக்காளி சேர்த்துச் சுருள வதக்கினால் கறிக்குரிய ஆழமான சுவை வரும். தேங்காயும் கசகசாவும், இல்லையென்றால் முந்திரியும் அரைத்து ஊற்றுவது கொழுப்புக் குறையை ஈடுசெய்யும்.

பிரியாணியில் அரிசி விறைத்துப்போவது இன்னொரு புகார். பிழிந்த உருண்டை அரிசிக்கு அளந்து வைத்த நீரைக் குடித்துவிடுகிறது. மசாலாவில் உருண்டைகளைப் போட்டு மூடி, பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து அவை போதுமான அளவு குடித்தபின் அரிசிக்கான நீரை அளந்து ஊற்றினால் இந்தச் சிக்கல் வராது. குழம்புக்கும் இதுவே பொருந்தும். அணைத்த பிறகும் உருண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மதியம் வைத்தது மாலையில் இறுகியிருந்தால் வெந்நீர் விட்டுத் தளர்த்தலாம்.

கோலா உருண்டைக்கு ஊறவைத்துப் பிழிந்ததை நீர் விடாமல் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி உதிரியாக எடுக்க வேண்டும். 100 கிராம் உலர் உருண்டைக்கு 50 கிராம் பொட்டுக்கடலை மாவு சரியாக இருக்கும். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு சேர்க்கலாம். மைதா சேர்த்தால் சவ்வுபோல ஆகிவிடும்.

பலாக்காய்க்கு வருவோம். பலா நம் மாநிலக் கனி. பண்ருட்டிப் பக்கம் தை, மாசியில் பிஞ்சுகள் கிடைக்கத் தொடங்கும். கறிக்கு ஏற்றது கொட்டை முற்றாத, ஒன்று முதல் இரண்டு கிலோ எடையுள்ள பிஞ்சு. முற்றிய காய் சுளைசுளையாகப் பிரியும். நார்நாராகப் பிய்வது பிஞ்சில்தான். கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்ட வேண்டும். பாலை நீரால் கழுவ முடியாது. தோலைச் சீவி, நடுத்தண்டின் கடினப் பகுதியை நீக்கி, இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, மஞ்சள்தூள் கலந்த மோரில் போட்டால் கறுக்காது. உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொஞ்சம் நீரில் இரண்டு விசில் போதும். நீரை வடித்து, அகலமான சட்டியில் பரப்பி ஈரம் வற்றும்வரை வதக்கியபின் மசாலாவைச் சேர்க்கவும். ஈரத்தோடு மசாலாவில் போட்டால் குழைந்து பொரியலாகிவிடும். உப்புநீரில் அடைத்து வரும் டின் பலாவை இரண்டு முறை அலசியபின் உப்பு பார்க்க வேண்டும்.

புரதம் குறையாமல் பலாக்காயின் சுவையும் வேண்டும் என்றால் 250 கிராம் பலாக்காயோடு 50 கிராம் மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து சேர்த்துச் சமைக்கலாம். மீல் மேக்கரிலிருந்து 26 கிராமும் பலாவிலிருந்து 6 கிராம் அளவும் புரதம் கிடைக்கும். இரண்டும் ஒரே மசாலாவில் நன்றாக இணங்கும். உணவகங்கள் இந்தக் கலவையை முயன்று பார்க்கலாம்.

மலேசியா, சிங்கப்பூர்ச் சைவ உணவகங்களில் 'சைவ மட்டன்' என்று பரிமாறுவதில் பெரும்பாலும் கோதுமைப் புரதமோ சோயாவோ இரண்டுமோ இருக்கும். சீன பௌத்தச் சமையலிலிருந்து வந்த வழக்கம் அது. கோதுமைப் புரதத்தை வீட்டிலேயே எடுக்கலாம். ஒரு கிலோ மைதாவை 600 மில்லி நீரும் இரண்டு தேக்கரண்டி உப்பும் விட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, உருட்டி, நீரில் மூழ்கவைத்து ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு பாத்திரத்து நீருக்குள்ளேயே பிசைந்து, நீர் வெள்ளையாக ஆக ஆக மாற்றிக்கொண்டே வந்தால், ஐந்தாறு முறையில் மாவுச்சத்து போய் 300 கிராம் அளவுக்கு ரப்பர்போன்ற பிண்டம் மிஞ்சும். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுப்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதுதான். அங்கே பாலை வைத்துக்கொண்டு சக்கையைத் தள்ளுகிறார்கள், இங்கே பிண்டத்தை வைத்துக்கொள்கிறோம். இங்கும் அந்தப் பாலைக் கொட்ட வேண்டாம், தெளியவைத்து அல்வாவோ கூழோ கிண்டலாம். பிண்டத்தைத் துண்டாக்கி, உப்பும் இஞ்சியும் மிளகும் போட்ட நீரில் முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். நீர் லேசாக அசைந்துகொண்டிருந்தால் போதும். கொதித்துப் புரண்டால் துண்டுகள் ஊதி, கடிக்கும்போது காற்றடைத்த பந்துபோல் இருக்கும். கெட்டியாக வேண்டுமென்றால் ஆவியில் வேகவைக்கலாம். குளூட்டன் எனப்படும் இந்தக் கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

உறைந்த நிலையில் வரும் புதுவகைத் தயாரிப்புகள் தொழில்நுட்பத்தில் ஒரு படி முன்னேறியவை. அமெரிக்காவில் பியாண்ட் மீட் 2009இலும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் 2011இலும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் உதய்ப்பூரின் குட்டாட் நிறுவனம் முதல் ஐ.டி.சி., டாடா வரை பலர் இந்தச் சந்தைக்கு வந்துவிட்டார்கள். இவற்றில் பலவற்றின் புரதத்தை ஈரம் மிகுந்த நிலையிலேயே இயந்திரத்தில் செலுத்தி, குளிரூட்டிய முனை வழியாக மெல்ல வெளியே விடுகிறார்கள். பொங்க விடாமல் குளிர்விப்பதால் புரதம் ஒரே திசையில் அடுக்கடுக்காகப் படிந்து தசைநார் போலப் பிய்கிறது. தேங்காய் எண்ணெய் போன்றவை கொழுப்பாகச் சேர்கின்றன. துண்டுகளைப் பிணைக்கப் பல தயாரிப்புகளில் மெத்தில்செல்லுலோஸ் சேர்க்கிறார்கள். இது சூடானால் இறுகும், ஆறினால் தளரும். ஆகவே இவற்றைக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் கிளறினால் உதிர்ந்துபோகும். உறைந்த நிலையிலேயே எண்ணெயில் வாட்டி எடுத்து, குழம்பை இறக்குவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பு சேர்த்துச் சூடாகப் பரிமாற வேண்டும். வாங்கும்போது பொட்டலத்துக்குள் பனிக்கட்டி உறைந்து கிடந்தால் அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது என்று கொள்ளலாம். வேறு பொட்டலம் கேளுங்கள்.

இவற்றின் விலையை எடையை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பொட்டலத்தின் விலையை அதிலுள்ள மொத்தப் புரதத்தால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 10 கிராம் புரதத்தின் விலை வரும். எடுத்துக்காட்டாக, 100 கிராமுக்கு 14 கிராம் புரதமுள்ள 250 கிராம் பொட்டலம் 300 ரூபாய் என்றால், மொத்தம் 35 கிராம் புரதம். 10 கிராமுக்கு 86 ரூபாய் ஆகிறது. 200 கிராம் மீல் மேக்கர் 50 ரூபாய் என்றால் 104 கிராம் புரதம். 10 கிராமுக்கு 5 ரூபாய்கூட ஆகவில்லை. உறைந்த பொட்டலத்தில் நாம் விலை கொடுப்பது பெரும்பாலும் வாய்க்குக் கிடைக்கும் இழைக்கும் மசாலா வேலைக்கும் குளிர்சாதனச் செலவுக்கும்தான். விருந்துக்கு வாங்கட்டும், அன்றாடப் புரதத்துக்கு அதை நம்பியிருக்கும்படி நடுத்தரக் குடும்பங்களுக்குச் சொல்வது நியாயமில்லை.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுமைக்கும் சொல்லும் வரம்பே 5 கிராம்தான். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று மட்டுமே பொருள். பால் பொருள் இருக்கலாம். பாலும் வேண்டாம் என்பவர்கள், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வகுத்த வீகன் விதிமுறைகளின்படி அச்சிடப்படும் பச்சை நிற வீகன் முத்திரையைத் தேட வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் 'சைவ' இறைச்சியில் முட்டை வெள்ளைக்கரு பிணைப்புப் பொருளாகச் சேர்ந்திருப்பது உண்டு. பொருள் பட்டியலைப் படித்துவிட்டுச் சமைப்பது நல்லது.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்குப் பெண்தன்மை வந்துவிடும் என்ற அச்சம் இன்னும் பரவிக்கொண்டே இருக்கிறது. சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறுவதில்லை என்று பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உண்மையில் கவனம் வேண்டியவர்கள் வேறு சிலர். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு, மாத்திரையை ஒட்டிச் சோயா சாப்பிட்டால் மருந்து உடலில் சேர்வது குறையும். பல மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புரதத்தையும் கூட்டக் கூடாது. சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்துபவர்களுக்கு வைட்டமின் பி12 எங்கிருந்தும் வராது. நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் தேவை; செறிவூட்டிய உணவோ மாத்திரையோ கட்டாயம். சோயாவின் இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேராது. எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

தயாரிப்பாளர்களிடமும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடமும் தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். உலர்ந்த உருண்டையின் புரத அளவுக்குப் பக்கத்திலேயே ஊறிப் பிழிந்த 100 கிராமில் எவ்வளவு என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். பலாக்காய், காளான் தயாரிப்புகளின் முன்பக்கத்தில் 'இறைச்சிக்கு மாற்று' என்று போடும் இடத்திலேயே புரத கிராமும் இருக்க வேண்டும். உணவகங்கள், சைவக் கறி என்று பட்டியலில் எழுதும் ஒவ்வொன்றும் சோயாவா, கோதுமையா, பலாவா என்று அதன் கீழேயே தமிழில் குறிப்பிட்டால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உணவுப் பதனத் துறையில் பணியாற்றும் வாசகர்,
கோயம்புத்தூர்.